மூன்றடி மண்

அத்தியாயம் பதினொன்று

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் சங்கரி மூட்டையைத் தூக்கி வைத்தபோது கண்டக்டர் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது, உப்பா?"

"உப்பு மாதிரிதான் இருக்கும். பயிருக்குப் போடுதது. லக்கேஜ் டிக்கெட் குடுங்க, வாங்கிக்கிடுதேன்."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்தார். சங்கரி மூட்டையைத் தன் கால் பக்கம் இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மார்கழி பிறந்துவிட்டது, ஆனால் பனியைக் காணோம். காலையிலேயே வெயில் பங்குனி மாதிரி முகத்தில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை தச்சநல்லூர் வீட்டில் நடந்ததை நினைக்க வேண்டாமென்றுதான் இருந்தாள். முடியவில்லை.

அப்பா சிவசண்முகம் காலமானபின் ஆற்றை ஒட்டிய அந்த இரண்டு கோட்டை விதைப்பாடு வயல், ஏறக்குறைய மூன்று ஏக்கர், அண்ணன் சுந்தருக்கும் அவளுக்குமாக வந்தது. பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு என்ற சட்டம் வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இப்போதும் ஆகவில்லை. மண் பரிசோதனை நிலையத்தில் வேலை, அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு பெருகி ஊருக்குள் வந்தபோது வயலின் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் போகமும் உருப்படியாக விளையவில்லை. இந்தப் பிசானப் போகத்தில் நட்ட பயிரோ வேர் பிடித்த கையோடு பழுப்பேறி, துருப்பிடித்த தகரம் மாதிரி நின்றுவிட்டது. 'செத்த மண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்ய?' என்று சுந்தர், செங்கல் சூளை இசக்கிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். மூன்றடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிக்கொள்ளலாம். சங்கரி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

'மண்ணு சாகலே. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க, காட்டுதேன்' என்று அவள் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'மதினி கேக்குத புது வீட்டுக்கு நம்ம வயல்தான் செங்கல்லா?' என்றும் கேட்டுவிட்டாள். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போன சுந்தரின் மனைவி விஜயஸ்ரீ, அன்றிலிருந்து நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டில் நின்றபடியே வயலைப் பார்த்தாள். பத்து நாளுக்கு முன் சோதனைக்காகத் தண்ணீரை வடித்து, துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து தூவிய மேல்பக்கத் துண்டான மேலச் செய்யும், ஒன்றும் போடாத மற்ற செய்களும் ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தன.

வரப்பில் யூரியா மூட்டையோடு பூதத்தான் நின்றுகொண்டிருந்தார். இந்த வயலை வாரத்துக்கு, விளைச்சலில் ஒரு பங்குக்கு, பயிர் செய்கிறவர். மண் போனால் அவருக்கு வயலே போன மாதிரிதான். பக்கத்தில் அவர் மனைவி பேச்சித்தாய், முந்தானையை இடுப்பில் செருகியபடி.

"பாத்தீங்களாம்மா, நீங்க போட்ட வெள்ளை உப்பு ஒண்ணும் செய்யலே," என்றார் பூதத்தான். "மேலச் செய்யும் அதே கோலத்துலதான் நிக்கு. இந்த யூரியாவப் போட்டுட்டா பைய பச்சை புடிச்சிரும்."

"யூரியாவக் கீழ வையுங்க. முதல்ல எறங்கிப் பாப்போம்."

சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சங்கரி சேற்றில் இறங்கினாள். ஒரு நெல் தூரின் அருகில் குனிந்தாள். அடி இலைகள் துருப்புள்ளிகளோடு தொங்கிக் கிடந்தன. அவற்றை விரலால் விலக்கினாள்.

நடுவில் புதிதாக விரிந்திருந்த இலை, நரம்பு வெளுக்காமல், அடியிலிருந்து நுனிவரை பச்சையாக நின்றது.

அடுத்த தூரைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. நாலைந்து எட்டு தள்ளிப்போய் இன்னொன்றைப் பார்த்தாள். பிறகு ஒரு தூரைப் பைய வேரோடு பிடுங்கித் தண்ணீரில் அலசினாள். கறுத்த பழைய வேர்களுக்கு நடுவே நூல் மாதிரி வெள்ளை வேர்கள்.

"பேச்சித்தாய், இங்கன வாங்க. பாருங்க."

பேச்சித்தாய் வந்து வாங்கிப் பார்த்தாள். பிறகு பக்கத்துச் செய்யிலிருந்து தானே ஒரு தூரைப் பிடுங்கி இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். "இந்தாருங்க, இதுல குருத்து பச்சையால்லா இருக்கு. அதுல குருத்தே வெளுத்துக் கெடக்கு."

"பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது. அதான் ரோட்டுல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியலே. புதுசா வாரதைத்தான் பாக்கணும்." "தழைச்சத்து போட்டீங்க, மணிச்சத்து போட்டீங்க. பயிருக்கு வேண்டிய ஜிங்க் மட்டும் கெடைக்கலே. முன்னால மேல்மண்ணு இருந்தப்போ அதுவே குடுத்துட்டு இருந்தது. வெள்ளம் அதைக் கொண்டு போயிட்டு. மிச்சம் இருக்குதையும் தேங்கி நிக்குத தண்ணி பூட்டி வச்சிருக்கு. அதுக்கு மேல மணிச்சத்துன்னு நீங்க டிஏபிய அள்ளி அள்ளிப் போட்டீங்கன்னா பயிரு எங்க போயி எடுக்கும்?"

பூதத்தான் மோவாயைத் தடவினார். "அப்போ எல்லாச் செய்யிலயும் தண்ணிய வடிக்கணுங்கீங்க. ஐப்பசி முழுக்க மழையக் காணாம வானத்தையே பாத்துட்டுக் கெடந்தோம். கார்த்திகைல ஒரேயடியாக் கொட்டித் தீத்துட்டு. கெடச்ச தண்ணியத் தொறந்து விட மனசு வர மாட்டேங்கும்மா."

"ரெண்டொரு நாள் வேருக்குக் காத்து கெடைக்கட்டும். ஆத்துலயும் வாய்க்கால்லயும் தண்ணி ஓடுது, திரும்பப் பாய்ச்சிக்கிடலாம்."

அவர் யோசித்துக்கொண்டே நின்றார். பேச்சித்தாய் யோசிக்கவில்லை. வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து வடிகால் மடையை இரண்டு வெட்டில் திறந்துவிட்டாள். தண்ணீர் சலசலத்துக்கொண்டு ஓடியது.

ரோட்டில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

முதலில் இசக்கி இறங்கினார். சலவை வேட்டியும் சட்டையும், நெற்றியில் சந்தனமும். அவருக்குப் பின்னால் சுந்தர், அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பேண்ட்டும் ஷூவுமாக. கடைசியாக விஜயஸ்ரீ இறங்கினாள். சங்கரி அவளை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் பொங்கலுக்கு ஒருமுறை வந்ததோடு சரி, மதினி இந்த வயலில் கால் வைத்ததே இல்லை.

'நீ வந்து சொன்னாத்தான் கேப்பா' என்று அண்ணன் கூட்டி வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இசக்கியின் ஆள் வரப்போரமாக ஒரு குழி தோண்டினான். இடுப்பளவு போனதும் இசக்கி குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து உருட்டினார். உருண்டையைக் கட்டை விரலால் அழுத்தினார். அது விரிசல் விடாமல் தட்டையாயிற்று.

"பதம்னா இதுல்லா பதம். வெண்ணெய் மாதிரி இருக்கு. இந்த ஆத்தோரத்துல இது மாதிரி மண்ணு கொஞ்ச எடத்துலதான் உண்டும், தம்பி."

"செத்த மண்ணுன்னுல்லா அண்ணன் சொன்னாங்க, அண்ணாச்சி," என்றாள் சங்கரி.

"பயிருக்குச் செத்த மண்ணு, செங்கல்லுக்கு உசிரான மண்ணும்மா." அவர் சிரித்தார். பொல்லாத சிரிப்பில்லை. தன் தொழிலை நன்றாகத் தெரிந்தவரின் சிரிப்பு.

சுந்தர் வரப்பில் நின்றபடியே வயலை ஒரு சுற்றுப் பார்த்தான். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னே. வந்தாச்சு. எங்க பச்சை?"

"எறங்கி வந்து பாருங்கண்ணே. மேலச் செய்யில குருத்தெல்லாம் திரும்பிட்டு."

"நான் இங்கன நின்னே பாக்கேன். எல்லாம் ஒரே நெறத்துல இருக்கு." அவன் குரல் தணிந்தது. "சங்கரி, நான் ஒன்னோட மல்லுக்கு நிக்க வரலே. சரி, ஒன் உப்பு கேக்கும்னே வச்சிக்கிடுவோம். மழை கேக்குமா? அப்பா காலத்துல ஐப்பசி மழைக்கு நாத்து ரெடியா நிக்கும். இப்போ ஐப்பசி காயுது, கார்த்திகை முக்குது, மார்கழில வெயிலு. கார் நெல்லுக்கு அணையத் தொறக்காங்களா இல்லியான்னு ஆனி வரைக்கும் தெரியலே. காலமே தப்பிப் போச்சு. இதை நம்பி நீ எத்தனை மூட்டை கொண்டாந்து கொட்டப் போறே?"

அவன் சொன்னதில் பொய்யில்லை என்று சங்கரிக்குத் தெரியும். பரிசோதனை நிலையத்துக்கு மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு ஆளும் இதைத்தான் சொல்கிறான்.

"மழை தப்பிப் போச்சு, நான் இல்லேன்னு சொல்லலே," என்றாள். "அதனாலதான் சொல்லுதேன். காலம் நல்லா இருந்தப்போ நோஞ்சான் மண்ணுகூட ஏதோ வெளைஞ்சு குடுத்தது. இனிமே அப்படி முடியாது. தெம்பான மண்ணுல நட்டாத்தான் பயிரு பத்து நாள் காய்ச்சலையும் தாங்கும், பத்து நாள் தண்ணியையும் தாங்கும். மழைய நம்மால ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே. மண்ணைச் செய்யலாம். தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதா, தொழுஉரம் அடிச்சா, நாலஞ்சு போகத்துல மேல்மண்ணு திரும்பிரும். மூணடியையும் வெட்டிக் குடுத்துட்டா அப்புறம் யாரு நெனைச்சாலும் முடியாது."

"பரீட்சைக்குப் படிச்ச மாதிரி சொல்லுதே."

"படிச்சதுதான். அதுக்குத்தான் சம்பளம் குடுக்காங்க."

இசக்கி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். சுந்தர் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். 'நீ சொல்லு' என்கிற பார்வை.

விஜயஸ்ரீ செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். பட்டுக்கரைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். முதல் எட்டிலேயே கால் வழுக்கியது. சங்கரி நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே நிமிர்ந்து நின்றாள்.

"எதை விலக்கிப் பாக்கணும்?"

சங்கரி காட்டினாள். விஜயஸ்ரீ ஒரு தூரை விலக்கிப் பார்த்தாள். அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே போனாள். சேறு அவள் சேலைக் கரையில் ஏறிக்கொண்டே இருந்தது. மேலச் செய்யில் ஒரு தூரையும் அடுத்த செய்யில் ஒரு தூரையும் பிடுங்கிக்கொண்டு வரப்புக்குத் திரும்பி, இரண்டையும் கணவன் கையில் கொடுத்தாள்.

"பாருங்க. அவ சொன்னது நெசந்தான்."

சுந்தரின் ஷூவில் சேறு சொட்டியது. "நீ என்ன, ஒனக்கு வீடு வேணும்னுதானே..."

"வேணும்னு நான்தான் கேட்டேன். இப்பவும் வேணும். மெதுவாக் கட்டிக்கிடலாம்." விஜயஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊர்ல எங்கப்பா வயலைச் சூளைக்குக் குடுத்தாங்க. நான் அப்போ பத்தாங்கிளாஸ். மூணடின்னுதான் பேச்சு. மூணடி எடுத்தா பக்கத்துல உள்ளவனும் குடுக்கான், அப்புறம் இன்னும் ரெண்டடி எடுக்காங்க. மழைன்னா குளம் மாதிரி நிக்கும், வெயில்னா பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். வேலிக்கருவைதான் முளைச்சது. எங்கப்பா இருந்த வரைக்கும் பஸ்ஸுல அந்த எடம் வந்தா மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாங்க. இதை நான் உங்ககிட்டச் சொன்னதில்லே. கேட்டதுமில்லே நீங்க."

வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவள் சங்கரியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நீ சொன்னது எனக்கு வலிச்சது. அதுவும் இருக்கட்டும்."

"தப்புதான் மதினி," என்றாள் சங்கரி. "வாய் தப்பி வந்தது."

"வாய் தப்பி வந்தது இல்லே. மனசுல இருந்துதான் வந்தது. பரவாயில்லே, இப்போ போயிட்டுல்லா."

சுந்தர் இரண்டு தூர்களையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே முகம். கடைசியில் நிமிர்ந்தான். "அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடணும். இந்தப் போகம் முடியட்டும். இப்போ மண்ணுல கை வைக்க வேண்டாம்."

இசக்கி கோபப்படவில்லை. உள்ளங்கை மண்ணை உதறினார். "நல்லது தம்பி. உங்க வயலு, உங்க இஷ்டம். ஆனா கீழ வயலு பேசி முடிச்சாச்சு. திங்கக்கிழமை காலைல அங்கன மண்வெட்டி எறங்குது."

"கீழ வயலா?" என்றார் பூதத்தான்.

"ஆமாவே. பக்கத்துல மூணடி பள்ளம் விழுந்தா மேல் வயல்ல தண்ணி நிக்காது, ஒரு மழைல வரப்பும் சரிஞ்சிரும். அது உங்களுக்கே தெரியும். அதனாலதான் ரெண்டையும் சேத்துக் கேட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

ஜீப் கிளம்பிப் போயிற்று. சுந்தரும் விஜயஸ்ரீயும் அதில் ஏறவில்லை.

கீழ வயல் குமரகுருபரனுடையது. அந்தப் பெயரை அங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரிக்கு நிச்சயமான மாப்பிள்ளை அவர். நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியர். வயலுக்கு வயல், குடும்பத்துக்குக் குடும்பம் என்று இரண்டு வீட்டாரும் பூரித்துப்போன சம்பந்தம். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். அவரும் மறுத்துப் பேசவில்லை. சங்கரி முடியாதென்று சொல்லித் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பச் செய்தாள். அதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. அவரை அதன்பிறகு பார்த்ததுமில்லை.

"நான் வேணா பேசிப் பாக்கேன்," என்றான் சுந்தர், ஷூவைத் தரையில் தேய்த்துக்கொண்டே.

"வேண்டாம். முறிச்சவ நான். நான் பேசுததுதான் முறை."

அதற்குள் பேச்சித்தாய் மூட்டையைப் பிரித்து ஆற்றுமணலோடு கலக்கத் தொடங்கியிருந்தாள். "பேச்செல்லாம் பொறவு பேசலாம். தண்ணி வடிஞ்சிட்டு. வெயில் ஏறதுக்குள்ள தூவிருவோம்."

பூதத்தான் யூரியா மூட்டையைத் தூக்கி மரத்தடியில் வைத்துவிட்டு ஒரு கூடையை எடுத்தார். சங்கரி ஒன்றை எடுத்தாள். விஜயஸ்ரீயும் ஒன்றை எடுத்தபோது பேச்சித்தாய், "மதினியம்மா, இடது கைல கூடை, வலது கையால விசிறணும், ஒரே எடத்துல கொட்டிரப் பிடாது," என்றாள். சுந்தர் கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றான். பிறகு குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தான். அவர்கள் செய்செய்யாகத் தூவி முடித்தபோது அவன் பேண்ட் முழங்கால் வரை சேறாகியிருந்தது, முகத்தில் மட்டும் ஏதோ ஒரு பாரம் இறங்காமல் இருந்தது. வெயிலில் நின்ற களைப்பு என்றுதான் சங்கரி நினைத்தாள்.

சாயங்காலம் தச்சநல்லூர் வீட்டில் குளித்துவிட்டு இறங்கி வந்தவளிடம் விஜயஸ்ரீ ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தாள். பூத்துக்குப் போய்த் தன் சித்தப்பா வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்து வாங்கிய குமரகுருபரனின் நாகர்கோவில் நம்பர்.

"நானும் வாரேன்," என்று சுந்தரும் செருப்பை மாட்டினான். சங்கரி வேண்டாமென்று சொல்லவில்லை.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் கூட்டமில்லை. அண்ணனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டுத் தாளைப் பார்த்து எண்களை அழுத்தினாள்.

"குமரகுருபரன் பேசுதேன்."

"சங்கரி. தச்சநல்லூர்."

"சொல்லு... சொல்லுங்க."

"சீவலப்பேரி வயலைச் சூளைக்குக் குடுத்திட்டீங்களாம். திங்கக்கிழமை வெட்டப் போறாங்களாம். எங்க வயலும் அதோட போயிரும். குடுக்காதீங்கன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"நானா? நான் யாருக்கும் குடுக்கலியே."

"பேசி முடிச்சாச்சுன்னு இசக்கி சொன்னாரே."

"இசக்கி எங்கிட்ட வரவே இல்லே. வேற ஒருத்தர் வந்தாரு, போன மாசம். ரெண்டு வயலையும் சேத்துக் குடுத்திருவோம்னாரு. முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறமும் முடிஞ்சதாச் சொல்லுதாங்கன்னா, என் பேரை வச்சு என்னமோ நடக்கு."

"யாரு வந்தது?"

மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"போன்ல வேண்டாம், சங்கரி. திங்கக்கிழமை விடியமுன்ன நான் வயலுக்கு வந்திருதேன். என் வயல்ல எவன் மண்வெட்டிய எறக்குதான்னு பாத்திருவோம். ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. நான் வாரது ஒங்க அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

சங்கரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். தெருவிளக்கின் கீழ் நின்ற சுந்தர், 'என்ன?' என்று கையைத் திருப்பிச் சைகையால் கேட்டான்.

"சரி," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவன் இரண்டு எட்டு முன்னால் வந்தான். "என்ன சொன்னாரு? யாராவது பேரு சொன்னாரா?"

அவன் கேட்டது வயலைப் பற்றி அல்ல, பெயரைப் பற்றி என்பதைச் சங்கரி கவனித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"திங்கக்கிழமை அங்கன மண்வெட்டி எறங்காதுண்ணே," என்றாள். "அதை மட்டும் நீங்க நம்பலாம்."